நாற்பத்தொன்று

கெண்ட் நகரத்தில் மழை
மேலிருந்து விழுவதில்லை,
பக்கவாட்டில் வந்து சேர்கிறது.
ட்ராமிலிருந்து இறங்கி, குடையை உதறி,
வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டால்
மேசையில் எனக்காக ஒரு முழங்கால்.

முழங்கால் என்றா சொன்னேன்?
அதன் உள்சவ்வில் ஒரு துணுக்கு,
அரை அரிசி அளவு.
பெயர் கிடையாது.
குப்பியின் மேல் நாற்பத்தொன்று.

மெழுகில் பதித்து
முடியைவிட மெல்லிதாகச் சீவுகிறேன்.
கை நடுங்கினால் ஒருவர் மறுபடியும்
ஊசிக்குக் கால் நீட்ட வேண்டியிருக்கும்.
வெட்டும் நாட்களில் காபி குடிப்பதில்லை.

சாயம் ஏறியதும்
கண்ணாடித் தகட்டில் ஓர் ஊர் எழும்புகிறது.
ஊதாப் புள்ளிகள், கூட்டம் கூட்டமாய்,
அழையாத வீட்டில் பந்திக்கு முந்தியவர்கள்.
எல்லாம் காவலுக்கு வைத்த அணுக்கள்தாம்.
கிருமி இல்லை, காயம் இல்லை,
பிறகு யாரைப் பார்த்து இந்தக் குரைப்பு?

வேலியே பயிரை மேய்கிறது
என்று சொல்லி முடித்துவிடலாம்.
டாக்டர் லீவே விடமாட்டார்.
வேலிக்குப் பசி எடுத்தது எந்த நாளில்,
எதைத் தின்று அதற்கு ருசி வந்தது,
அதைச் சொல் என்பார்.

தோலில் செதில் பூத்த எல்லோருக்கும்
மூட்டு வீங்குவதில்லை.
சிலருக்கு முழங்கையோடு நின்றுவிடுகிறது.
சிலருக்குப் பத்து வருடம் கழித்து
ஒரு காலை, ஒரே ஒரு கால்விரல்
செருப்புக்குள் நுழைய மறுக்கிறது.

தசைநாண் எலும்பைப் பிடிக்கும் முடிச்சில்தான்
எல்லாம் ஆரம்பம் என்கிறான் யோஸ்ட்.
மூன்று வருடமாக எலிகளின் குதிகாலைப் பார்க்கிறவன்.
நடந்த எலிக்கு வீங்கியது,
பாரம் ஏறாத எலிக்கு அவ்வளவாக இல்லை.
அதற்காக மனிதர்களை நடக்காதே என்று
சொல்ல முடியுமா?
அடுத்த அறையில் குடலைச் சந்தேகிக்கிறார்கள்.
மதியச் சாப்பாட்டில் சண்டை நடக்கும்.
நான் உருளைக்கிழங்கைத் தின்றபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

சம்மதப் படிவத்தின் அடியில் ஒரு கட்டம் உண்டு:
‘வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?’
பெரும்பாலும் காலியாக வரும்.
ஒருவர் வண்டி நிறுத்தக் கட்டணத்தைத் திட்டியிருந்தார்.
நாற்பத்தொன்று எழுதியிருந்ததை
லீவே ஒருநாள் வாசித்துக் காட்டினார்,
பேனாவை எப்படியோ பிடித்து எழுதிய கோணல் எழுத்து:
என் மகளுக்கும் வருமா?

லீவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அது அழுக்காகவே இல்லை.

ஆறு மாதம் கழித்து அதே முழங்காலின்
இரண்டாவது துணுக்கு வந்தது,
புது ஊசி போட்ட பிறகு.
தகட்டில் பாதி ஊர் காலி.
ஊதாவுக்கு நடுவே வெளிர் சிவப்பாய்ச் சும்மா கிடக்கும் இடங்கள்.
யோஸ்ட்டைக் கூப்பிட்டேன், லீவேயைக் கூப்பிட்டேன்,
கண்ணாடி கழுவ வந்த பையனைக்கூடக் கூப்பிட்டேன்.
முப்பத்தெட்டுக்கு அப்படி ஆகவில்லை.
அதே மருந்து, அதே ஆறு மாதம்,
ஊர் முன்னைவிட நெரிசல்.
இரண்டு தகடுகளும் இப்போது பக்கத்துப் பக்கத்தில்.
இந்த வித்தியாசத்துக்குள்தான் எதுவோ இருக்கிறது.
எங்கள் சம்பளம் அதற்குத்தான்.

நேற்று மாலை ட்ராமில்
எதிர் இருக்கையில் ஒரு பெண்,
மடியில் ஒரு ஆரஞ்சு.
தோலைக் கீற நகம் வைத்தாள், வழுக்கியது.
சாவியால் குத்திப் பார்த்தாள்.
பக்கத்தில் ஒன்பது வயதிருக்கும் சிறுமி
ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே
கையை மட்டும் நீட்டி அதை வாங்கினாள்,
உரித்தாள், பாதியைத் திருப்பிக் கொடுத்தாள்.
பழகிய வேலை.

அம்மாவின் கட்டைவிரல் நகத்தில்
குத்தூசி பட்டதுபோலக் குழிகள்.
எண்ணாதே, நீ இப்போது வேலையில் இல்லை
என்று சொல்லிக்கொண்டேன்.
பதினொன்று.

கெண்ட்டில் எத்தனையோ பெண்கள், எத்தனையோ நகங்கள்.
கேட்கக் கூடாது, கேட்கவுமில்லை.
நான் பார்ப்பதைப் பார்த்த சிறுமி
பசி என்று நினைத்திருக்க வேண்டும்,
ஒரு சுளையை என் பக்கம் நீட்டினாள்.
நேராக இருந்தன அவள் விரல்கள், சாறு வழிந்து.

வாங்கிக்கொண்டேன்.
நல்ல புளிப்பு.